வன்னிக் கரடி எப்படிப் பிழைக்கிறது?

போன ஆனி மாதம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றபோது, கச்சான் வாங்கிக்கொண்டு நின்ற இரண்டு பேர் கரடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "உது சும்மா போற மனிசரைத் தேடி வந்து அடிக்கிற சாமான்" என்றார் ஒருவர். மற்றவர், "மாரியில பயமில்லை. அப்ப அது குகைக்குள்ள படுத்து நித்திரை கொண்டிடும்" என்றார். அக்காவின் மகன் என் பக்கத்தில் நின்றான். பத்து வயது. "மாமா, உண்மையா?" என்று கேட்டான்.

இரண்டுமே பிழை. ஆனால் ஏன் பிழை என்பதை, பஸ் புறப்படுவதற்குள் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை ஆறுதலாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரடி கிடையாது. இங்கே நெருக்கமாக வீடும் தோட்டமும் பனங்கூடலும்தான். கரடி ஒளிந்திருக்கும் அளவுக்குப் பெருங்காடு இல்லை. அதனால் நமக்குக் கரடி என்றால் கதையில் வருவது, தொலைக்காட்சியில் பனிக்கு நடுவே நடப்பது. ஆனையிறவைத் தாண்டி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் காட்டுக்குள் போகிறவர்களுக்குக் கரடி உண்மையான அயலவர். பிழையான விளக்கம் அங்கே ஆளுக்கும் ஆபத்து, கரடிக்கும் ஆபத்து.

எந்தக் கரடியைப் பற்றிப் பேசுகிறோம்?

உலகத்தில் இன்று எட்டு வகைக் கரடிகள் இருக்கின்றன. பனிக்கரடி, பழுப்புக் கரடி, மூங்கில் தின்னும் பாண்டா எல்லாம் அதில் அடங்கும். இலங்கையில் இருப்பது ஒரே ஒரு வகை. இந்தியாவில் தேன்கரடி என்று சொல்கிற அதே இனம்தான், ஆனால் இங்குள்ளது தனிக் கிளையினம். கிளையினம் என்றால், ஒரே இனத்துக்குள் நீண்ட காலம் தனியாக வாழ்ந்து சிறு சிறு வேறுபாடுகளைப் பெற்ற பிரிவு. இந்தியக் கரடியோடு ஒப்பிட்டால் நம்முடையது உருவத்தில் சிறியது, மயிரும் கட்டை.

ஆங்கிலத்தில் இதற்குச் 'சோம்பல் கரடி' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. அது 1791இல் ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் செய்த தவறால் வந்தது. நீண்ட வளைந்த நகத்தையும் முன்பல் இல்லாத வாயையும் பார்த்துவிட்டு, தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சோம்பல் விலங்கோடு இதைச் சேர்த்துவிட்டார். பிறகு திருத்தினார்கள், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்த நகமும் பல்லும் சோம்பலுக்கானவை அல்ல. இந்தக் கரடியின் வாழ்க்கை முழுவதையும் விளங்கவைக்கிற திறப்பே அவைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றாடம் உழைப்பவரும் கொம்பறை நிரப்புபவரும்

முதலில் நித்திரைக் கதை.

வட நாடுகளில் சில கரடிகள் குளிர்காலம் முழுவதும் பொந்துக்குள் படுத்துவிடும். மாதக் கணக்கில் தின்னாது, குடிக்காது, சிறுநீர்கூடக் கழிக்காது. இதயத் துடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், உடல் வெப்பமும் சில பாகை இறங்கும். இதைக் குளிர்கால உறக்கம் என்பார்கள்.

குளிர் தாங்க முடியாமல் படுக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் சாப்பாடு. பனி மூடியதும் பழம் இல்லை, புல் இல்லை, வேர் தோண்டவும் முடியாது. அலைந்து செலவழிக்கிற சக்தி தேடிக் கிடைக்கிற சக்தியைவிட அதிகம். ஆகவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தின்று தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டு, பிறகு அதையே சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. நெல் வெட்டி முடித்துக் கொம்பறையை நிரப்பிவிட்டு, அடுத்த போகம் வரைக்கும் அதில் எடுத்துச் சமைக்கிற வீடு மாதிரி. பனிக்கரடிகளைப் பாருங்கள்: குளிரின் உச்சத்தில் வாழ்கிறவை அவைதான், ஆனால் அவற்றில் கர்ப்பிணிகள் மட்டுமே குழிக்குள் நீண்ட நாள் படுக்கின்றன. மற்றவை அந்தக் குளிரிலும் கடற்பனி மேல் சீல் வேட்டைக்குப் போகின்றன, ஏனென்றால் அப்போதுதான் அவற்றுக்கு இரை கிடைக்கும்.

வன்னியில் பனி விழுவதில்லை. மாரியிலும் சரி கோடையிலும் சரி, மண்ணுக்குள் ஏதாவது இருக்கும். ஆகவே நம் கரடி கொம்பறை நிரப்புகிற சாதி இல்லை. அது அன்றாடம் உழைத்து அன்றாடம் தின்பது. வருடம் முழுக்க நடமாடும். குட்டி ஈன்ற தாய் மட்டும் கொஞ்ச நாள் பொந்தைவிட்டு அதிகம் விலகாமல் கிடக்கும்.

சுருக்கமாக: கரடி உறங்குவது குளிருக்காக அல்ல, பசிக்காலத்தைக் கடப்பதற்காக. இங்கே அப்படி ஒரு நீண்ட பசிக்காலம் இல்லை, அதனால் அந்த உறக்கமும் இல்லை. மாரியில் கரடி இல்லை என்று நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது.

நுங்கு உறிஞ்சுவது போல

சரி, அன்றாடம் எதைத் தின்கிறது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஆச்சரியப்படுவார்கள். இறைச்சி அல்ல. தேன் பிடிக்கும்தான், கிடைத்தால் விடாது, ஆனால் அது தினமும் கிடைக்கிற பண்டம் அல்ல. தினசரிச் சாப்பாடு கறையான். எறும்பும் மற்றப் பூச்சிகளும் சேர்த்தி. நூறு கிலோ வரை வளரக்கூடிய ஒரு விலங்கு, அரிசி மணியைவிடச் சின்ன உயிரைத் தின்று வாழ்கிறது.

நுங்கு குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீவிய நுங்கின் கண்ணுக்குள் பெருவிரலை விட்டுத் தோண்டி, உதட்டை வைத்து ஒரே இழுவையாக உறிஞ்சுகிறோம். கரடி புற்றில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். மோப்பம் பிடித்து, எந்த இடத்தில் ஆட்கள் அதிகம் என்று கண்டுபிடிக்கும். முன்னங்கால் நகத்தால் தோண்டும். அந்த நகங்கள் விரல் நீளத்துக்கு வளைந்து நிற்பவை. மண்வெட்டிக்கும் மசியாத புற்று மண் அவற்றுக்குப் பெயரும். துளை விழுந்ததும் மூக்கை உள்ளே விட்டு, அடுப்பு ஊதுவது போல 'பூ' என்று ஊதித் தூசியைக் கலைக்கும். பிறகு உறிஞ்சும்.

இந்த உறிஞ்சலுக்காகவே அதன் முகம் அமைந்திருக்கிறது. உதடுகள் நீண்டு அசைந்து குழாய்போலக் குவியும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லை, அந்த இடைவெளி வழியாகக் கறையான் தடையில்லாமல் உள்ளே போகிறது. மற்றக் கரடிகள் பலவற்றுக்கு 42 பற்கள், இதற்கு 40. மேலண்ணம் குழிந்து இருக்கும். மூக்குத் துவாரங்களை நினைத்தபடி மூடிக்கொள்ளவும் முடியும், அதனால் மண்ணும் பூச்சியும் மூக்குக்குள் ஏறுவதில்லை. ஷோ சோம்பல் விலங்கென்று மயங்கியது இந்தப் பல்லையும் நகத்தையும் பார்த்துத்தான்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற பக்கம், நண்பர் ஒருவரின் வயலுக்கு அருகே, கரடி தோண்டிய புற்று ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாளி இறங்கும் அளவு குழி. மண் முழுவதும் ஒரே பக்கமாகப் பின்னால் சிதறிக் கிடந்தது. குழியின் உள்சுவரில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஆழமான கீறல்கள். நண்பர் தன் விரல்களை அந்தக் கீறல்களில் வைத்துப் பார்த்தார், அவர் கையைவிட அகலம். வெளிமண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது, உள்ளே தொட்டால் ஈரம். குழியின் விளிம்பில் கறையான்கள் ஏற்கெனவே ஈர மண் உருண்டைகளை ஒட்டி அடைக்கத் தொடங்கியிருந்தன. அந்த ஈரச் சுவர் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கரடி அன்றைக்குத் தின்றுவிட்டுப் போயிருந்தது, ஆனால் புற்று அழிந்துவிடவில்லை.

புற்று என்றால் நமக்கு நாகதம்பிரான் நினைவு வரும், பால் வைப்போம். நம் பழைய புலவர்களுக்கோ புற்று என்றால் கரடியும் நினைவுக்கு வந்தது. சங்கப் பாடல்களில் கரடிக்கு 'எண்கு' என்று பெயர். அது நடு இரவில் புற்றைப் பிளந்து, உள்ளேயிருக்கும் குரும்பி என்ற கறையான் சோற்றைத் தின்பதாகவும், இலுப்பைப் பூவைத் தேடித் தின்பதாகவும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும்.

இவ்வளவு சின்ன இரையை நம்பிப் பிழைப்பதென்றால் செலவைக் கட்டுப்படுத்த வேண்டும். உடல் உணவைச் சக்தியாக மாற்றிச் செலவழிக்கிற வேலைக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் நின்ற இடத்தில் இயக்கி வைத்திருந்தாலும் கொஞ்சம் பெற்றோல் குடிக்கும் அல்லவா? அதேபோல் சும்மா படுத்திருக்கிற விலங்கும் சக்தியை எரிக்கிறது. நம் கரடி அந்தச் சும்மாச் செலவைத் தன் பருமனுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக வைத்திருக்கிறது. எறும்பும் கறையானும் தின்று வாழ்கிற வேறு பல விலங்குகளிடமும் இதே சிக்கனத்தைக் காணலாம்.

நினைவில் வைக்க: நகம் தோண்ட, மூச்சு ஊத, உதடு உறிஞ்ச. மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன. அது ஏன் மனிதரை அடிக்கிறது என்பதும்கூட.

பாலைப்பழக் காலம்

வைகாசி, ஆனி மாதங்களில் வன்னியிலிருந்து பாலைப்பழம் யாழ்ப்பாணத்துக்கு வரும். சுண்டால் அளந்து விற்பார்கள். சின்ன மஞ்சள் பழம், தேன் போன்ற இனிப்பு, இரண்டு கை தின்றால் பால் ஒட்டி மேலுதடும் கீழுதடும் பிரிய மறுக்கும். நமக்கு அது வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆசைப்பழம். கரடிக்கு அது வருடத்தின் பெரிய விருந்து. கோடையில் புற்று மண் காய்ந்து இறுகித் தோண்டுவது கடினமாகிற நேரத்தில் பாலை பழுக்கிறது. வீரையும் அதே பருவத்தை ஒட்டிப் பழுக்கும்.

பழக்காலத்தில் கரடி மரம் ஏறும், நன்றாகவே ஏறும். தடித்த பாலை மரத்தின் பட்டையில் நகக் கீறல்கள் மேலேறிப் போவதைக் காட்டுக்குப் போகிறவர்கள் காட்டுவார்கள். யாலவிலும் வில்பத்துவிலும் கரடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தின்ற பழத்தின் விதைகள் சாணத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கின்றன. அந்த வகையில் கரடி காட்டுக்கு விதைப்பும் செய்கிறது.

இதற்காகக் கரடி நெடுந்தூரம் அலைகிறதா? இல்லை. ஒரு விலங்கு உணவும் துணையும் ஒதுங்கிடமும் தேடி வழக்கமாகச் சுற்றுகிற நிலத்தை வாழிட எல்லை என்பார்கள். வஸ்கமுவை தேசியப் பூங்காவில், இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டியைக் கரடிகளுக்கு மாட்டி ஆய்ந்தபோது, பெண் கரடிக்கு ஏறக்குறைய 2 சதுரக் கிலோமீற்றரும் ஆணுக்கு 4 சதுரக் கிலோமீற்றரும் என்று தெரிந்தது. நல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள சில வட்டாரங்களுக்குள் அடங்கிவிடுகிற அளவு. நல்ல காடு கொடுத்தால் அதற்கு அந்தச் சின்ன இடமே போதும்.

தாயின் முதுகில்

ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள். கண் திறக்க மூன்று வாரமளவில் ஆகும். பொந்தைவிட்டு வெளியே வந்ததும் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும், தோள்பக்கத்து நீள மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மற்றக் கரடிகள் குட்டியை இப்படி வழக்கமாகச் சுமப்பதில்லை.

ஏன் இது மட்டும்? பல நாட்டுக் கரடிகளின் குட்டிகள் ஆபத்து வந்தால் மரத்தில் ஏறித் தப்பும். நம் காட்டில் எதிரி சிறுத்தை, அதுவும் மரம் ஏறும். மரம் இங்கே கோட்டை அல்ல. முதுகுதான் கோட்டை. ஒன்றரை, இரண்டு வருடம் வரை குட்டி தாயோடுதான் திரியும். ஆகவே காட்டில் நீங்கள் எதிர்ப்படுகிற பெண் கரடியோடு குட்டியும் இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வதே நல்லது.

அப்படியானால் ஏன் அடிக்கிறது?

வெங்காயத் தோட்டத்தில் வோட்டர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வாய்க்காலில் குனிந்து மண் வெட்டுகிறார். நீங்கள் வரம்பில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. கிட்டப் போய்ப் பின்னாலிருந்து தோளில் கையை வைத்தால் என்ன நடக்கும்? துள்ளி விழுவார். கையில் மண்வெட்டி இருந்தால் அது உங்கள் பக்கம் திரும்பினாலும் ஆச்சரியமில்லை. அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டோம்.

புற்றின் முன் கரடியின் நிலை அதுதான். தலை குழிக்குள். உறிஞ்சுகிற சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கக்கூடியது; அந்தச் சத்தத்துக்கு நடுவே நீங்கள் சருகில் மிதிப்பது அதற்குக் கேட்பதில்லை. கண்பார்வையும் மட்டம். மோப்பம் மிகக் கூர்மை, ஆனால் அந்த மூக்கு அப்போது புற்றுக்குள் இருக்கிறது, காற்றும் எதிர்ப்பக்கம் வீசலாம். தலையை நிமிர்த்தும்போது நீங்கள் பத்தடியில் நிற்கிறீர்கள்.

மான் என்றால் ஓடும். குரங்கு மரத்துக்குத் தாவும். கரடியால் சிறுத்தையை ஓடி வெல்ல முடியாது, மரத்தில் ஏறியும் தப்ப முடியாது. அதன் முன்னோர்களில் தப்பிப் பிழைத்தவை, திடுக்கிட்ட கணத்தில் முந்திக்கொண்டு பாய்ந்தவை. அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறிவிட்டது. எதிரே நிற்பது சிறுத்தையா விறகு பொறுக்கும் மனிதரா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவகாசமும் இல்லை, அதற்கேற்ற பார்வையும் இல்லை. தோண்டுவதற்கென்று வளர்ந்த நகம் அப்போது முகத்தில் படுகிறது. காயம் பயங்கரமாக இருப்பது அதனால்தான். அடிபட்டவர்களின் வேதனையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. முகத்தை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கரடி அவர்களைத் தின்ன வரவில்லை, தேடியும் வரவில்லை.

ஆகவே: அது கோபம் அல்ல, திடுக்கிடல். இதை விளங்கிக்கொண்டால் தற்காப்பும் விளங்கிவிடும்.

காட்டுக்குள் போகிறவர் செய்ய வேண்டியது

திடுக்கிட வைக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. தனியே போகாமல் கூட்டமாகப் போவது, பேசிக்கொண்டே போவது, இடைக்கிடை கூவுவது, தடியால் மரத்தில் தட்டுவது. நாம் வருவது தூரத்திலேயே தெரிந்தால் கரடி பெரும்பாலும் தானாகவே விலகும். விடியப்புறமும் மைமலும் இரவும் அதன் நடமாட்ட நேரம், அப்போது பற்றைக்குள் இறங்கக் கூடாது. பாறைப் பொந்துக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. நாயைக் கூட்டிப் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குரைத்துச் சீண்டிவிட்டு, துரத்துகிற கரடியோடு நேரே உங்களிடம்தான் ஓடி வரும்.

கரடி இரண்டு காலில் எழுந்து நின்றால் அடிக்கப் போகிறது என்று அர்த்தமில்லை. மோப்பம் பிடிக்கிறது. அப்போது ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். சின்ன வகுப்பில் படித்த கதையில் ஒரு நண்பன் மரத்தில் ஏறித் தப்புவான். வன்னியில் அதை நம்ப முடியாது, நாம் ஏறுகிற மரத்தில் அதுவும் ஏறும். மேலே விழுந்தே விட்டால், குப்புறப் படுத்து இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள் இந்தக் கரடியை ஆய்கிறவர்கள். அது குறிவைப்பது முகமும் தலையும் என்பதால், அவற்றைக் காப்பதே உயிரைக் காப்பது.

சுருங்குகிற இடம்

இலங்கையில் இப்போது ஆயிரத்துக்கும் குறைவான கரடிகளே இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. 2007இல் வெளிவந்த ஆய்வின்படி, தீவின் நிலத்தில் 17 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் கரடி வாழ்கிறது. எல்லாம் வறண்ட வலயத்துத் தாழ்நிலக் காடுகள். யானைபோல வயலோரத்தில் ஒட்டிக்கொண்டு வாழ இதற்கு வராது. காடு வெட்டப்பட்டால் கரடி போய்விடும். 1937இல் வந்த வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொல்வது குற்றம். ஆனால் பாலை மரம் ஒன்று விழுந்தால் அந்த இழப்பைச் சட்டத்தால் நிரப்ப முடியாது. மெதுவாக வளர்கிற மரம் அது, நல்ல வைரம் என்பதால் வெட்டுகிறவர்களுக்கும் அதில்தான் கண். கரடியைக் காப்பாற்றுவது என்பதை நான் பெரும்பாலும் பாலையையும் வீரையையும் காப்பாற்றுவதாகவே பார்க்கிறேன்.

முறிகண்டிப் பேச்சு நடந்து ஒரு கிழமைக்குப் பிறகு திருநெல்வேலிச் சந்தையில் ஒரு அம்மா பாலைப்பழம் வைத்திருந்தார். ஓமந்தைப் பக்கத்திலிருந்து வருகிறாராம். மருமகனுக்கு ஒரு சுண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "மரத்தடியில கரடி நிக்காதோ அம்மா?" என்று கேட்டேன்.

"நிக்கும். விடியக் காலமை அதின்ர நேரம், நாங்கள் போறேல்லை. வெயில் ஏறினாப் பிறகு ஆளையாள் கூப்பிட்டுக்கொண்டு போவம். கீழ விழுந்து கிடக்கிறதைப் பார்த்தாலே தெரியும், அது வந்திட்டுப் போட்டுதோ இல்லையோ எண்டு."

மருமகனின் உதடு அதற்குள் ஒட்டிவிட்டது. விரலால் பிரித்துக்கொண்டு, "கரடிக்கும் இப்பிடி வாய் ஒட்டுமா அம்மம்மா?" என்று கேட்டான்.

"ஒட்டினா என்ன ராசா, நக்கிறதுக்கு அதுக்குப் பெரிய நாக்கு இருக்கு" என்றார் அவர், அடுத்த சுண்டை நிரப்பிக்கொண்டே.